ஆவடிக்கு வாலோடு வந்த சொல்

ஆவடி என்ற பெயர் எப்படி வந்தது என்று அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். ‘ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் அண்ட் டிப்போ ஆஃப் இந்தியா’ என்பதன் முதலெழுத்துகளைக் கோத்தால் ஆவடி வரும் என்பார்கள். ஆட்டோ ஓட்டுநர் சொல்வார், பள்ளிப் பிள்ளைகள் பொது அறிவுப் போட்டியில் எழுதுவார்கள். ‘ஆ’ என்றால் பசு, மாடுகள் மேய்ந்த இடம் என்று தமிழ்வழி விளக்கம் தருகிறவர்களும் உண்டு. டாங்கித் தொழிற்சாலை வந்தது 1961இல். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே ஆவடி என்ற பெயர் நாட்டின் செய்தித்தாள்களில் எல்லாம் அடிபட்டுவிட்டது. ஆகவே டாங்கியை நம்பிச் சொல்லப்படும் கதையை அதன் போக்கில் விட்டுவிடலாம்.

செய்தித்தாள்களில் ஆவடி அடிபட்டதற்குக் காரணம் ஓர் ஆங்கிலப் பெயரடை. அந்தச் சொல்லைப் பற்றியதுதான் இந்தச் சொற்பொழிவு.

1955 ஜனவரியில் இந்திய தேசிய காங்கிரஸின் 60ஆவது மாநாடு ஆவடியில் கூடியது. மாநாட்டுக்காக எழுப்பிய திடீர் நகரத்துக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயர் வைத்தார்கள். தீரர் சத்தியமூர்த்தி காமராஜரின் அரசியல் குரு. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி நீர்த்தேக்கத்துக்கும் அவர் பெயர்தான். காமராஜர் முதலமைச்சராகி அப்போது ஒன்பது மாதம் ஆகியிருந்தது. மாநாட்டுத் தலைவர் யு.என். தேபர். ஆனால் எல்லோர் கண்ணும் நேருவின் மேல் இருந்தது.

அங்கே நிறைவேறிய தீர்மானத்தின் சாரம் இது. உற்பத்திச் சாதனங்களில் முக்கியமானவை சமூகத்தின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும். உற்பத்தி படிப்படியாகப் பெருக வேண்டும். நாட்டின் செல்வம் நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும். இப்படிப்பட்ட ஒரு ‘சோஷலிஸ்டிக் பேட்டர்ன் ஆஃப் சொசைட்டி’யை மனத்தில் வைத்து நாட்டின் திட்டமிடல் நடக்க வேண்டும். ‘உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ’ என்பதில் இருக்கும் இரண்டு ஓகாரங்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும். அரசே சொந்தக்காரனாக இருந்தாலும் சரி, லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு மேய்த்தாலும் சரி என்று அந்த ஓகாரங்கள் வழி விட்டுவிட்டன. அதே வேலையைத்தான் ‘சோஷலிஸ்டிக்’ என்ற சொல்லின் வாலும் செய்தது.

சோஷலிஸ்ட் என்று ஆங்கிலத்தில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. ஆளையும் குறிக்கும், பெயரடையாகவும் நிற்கும். சோஷலிஸ்ட் கட்சி, சோஷலிஸ்ட் நாடு என்று எங்கே வைத்தாலும் பொருந்தும். அதன் பின்னால் இன்னொரு ‘இக்’ எதற்கு?

சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அடியில் இருப்பது ‘சோசியஸ்’ என்ற இலத்தீன் சொல். தோழன், கூட்டாளி, பக்கத் துணை என்று பொருள். பின்தொடர்தலைக் குறிக்கும் வேரோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள்; கூடவே வருகிறவன் கூட்டாளி. ரோமக் குடியரசுக்குப் படை கொடுத்து உதவிய இத்தாலிய ஊர்க்காரர்களுக்கு ‘சோசியை’ என்று பெயர். எங்களுக்கும் குடியுரிமை வேண்டும் என்று கி.மு. 91இல் அவர்கள் ரோமை எதிர்த்துக் கிளம்பினார்கள். அந்தப் போரை இன்றும் ஆங்கில வரலாற்று நூல்கள் ‘சோஷியல் வார்’ என்றே குறிக்கின்றன. சமூகப் போர் என்று மொழிபெயர்த்தால் கதையே மாறிப்போகும். அது கூட்டாளிகளோடு நடந்த சண்டை.

சோசியஸிலிருந்து சோஷியல், சொசைட்டி, அசோசியேஷன் எல்லாம் கிளைத்தன. சோஷலிஸ்ட் மட்டும் வெகுகாலம் கழித்து வந்த கிளை. 1827இல் லண்டனிலிருந்து வந்த ‘கோ-ஆபரேட்டிவ் மேகஸின்’ என்ற கூட்டுறவுப் பத்திரிகையில் அது அச்சேறியது. ராபர்ட் ஓவனின் ஆதரவாளர்கள் நடத்திய பத்திரிகை அது. ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் என்ற ஊரில் பஞ்சாலை நடத்தியவர் ஓவன். தொழிலாளிக்கு வீடு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்று ஆலையைச் சுற்றி ஓர் ஊரையே நடத்திக் காட்டினார். மூலதனம் தனி ஆள் கையில் இருப்பதா, எல்லோருக்கும் பொதுவாக இருப்பதா என்ற வாதத்தில், பொது என்று சொன்னவர்களுக்குக் கிடைத்த பெயர் சோஷலிஸ்ட். அந்தச் சொல் மார்க்ஸின் கைக்குப் போனது பிறகுதான். முதலில் அது ஒரு மில் முதலாளியின் வட்டாரத்துச் சொல்.

இனி அந்த வால். ஆர்ட்டிஸ்ட் என்றால் ஆள். ஆர்ட்டிஸ்டிக் என்றால் கலைநயம் உள்ளது. ரியலிஸ்டிக் என்ற சொல்லைத் தமிழர்கள் சினிமாக் கொட்டகையிலேயே கற்றுக்கொண்டார்கள். ‘ரியலிஸ்டிக்கா எடுத்திருக்கான்’ என்று படம் பார்த்துவிட்டு வருகிறவர், திரையில் ஓடியது நிஜம் என்று சொல்லவில்லை. நிஜம் போல இருந்தது என்கிறார். ‘இஸ்டிக்’ சேர்ந்தால் அதன் சாயல் உண்டு, அந்தப் பக்கமாக முகம் திரும்பியிருக்கிறது என்று ஆகும். அதுவேதான் என்று சத்தியம் செய்யத் தேவையில்லை.

அந்தச் சாயலை அம்பேத்கர் அதற்கு முன்பே பயன்படுத்தியிருந்தார். 1948 நவம்பர் 15 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேராசிரியர் கே.டி. ஷா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். இந்தியாவை மதச்சார்பற்ற, கூட்டாட்சி, சோஷலிஸ்ட் நாடு என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும் என்றார். அம்பேத்கர் ஏற்கவில்லை. சமுதாயத்தை எப்படி அமைத்துக்கொள்வது என்பதைக் காலத்துக்கும் சூழலுக்கும் ஏற்ப மக்களே முடிவு செய்யட்டும், சட்டத்தில் எழுதி அவர்கள் கையைக் கட்டக்கூடாது என்பது அவர் வாதம். அதோடு விடவில்லை. அரசுக்கு வழிகாட்டும் கோட்பாடுகள் போகும் திசையிலும் உள்ளடக்கத்திலும் சோஷலிஸ்டிக் இல்லை என்றால் வேறு எதுதான் சோஷலிசம் என்று திருப்பிக் கேட்டார். பலகை மாட்ட மறுத்தவர், திசையைச் சொல்ல ‘இஸ்டிக்’கை எடுத்தார். ஆவடியில் பேசியவர்கள் எல்லோரையும்விட அந்தச் சொல்லைத் துல்லியமாகக் கையாண்டவர் அம்பேத்கர்தான்.

1954 டிசம்பரில் மக்களவையும் அதே சொற்றொடரை ஏற்றுக்கொண்டது. அடுத்த மாதம் கட்சி அதை ஆவடியில் முத்திரை குத்தியது. காலத்தையும் பார்க்க வேண்டும். 1953 அக்டோபரில் சென்னை மாகாணத்திலிருந்து பிரிந்த ஆந்திர மாநிலத்தில் 1955 பிப்ரவரியில் தேர்தல் நடக்க இருந்தது. கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்துவிடுவார்கள் என்று பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். முடிவு வந்தபோது 196 இடங்களில் அவர்களுக்குக் கிடைத்தவை 15. தோல்விக்குக் காரணங்கள் பல. ஆனாலும் சிவப்பு மையைக் காங்கிரஸ் தண்ணீர் கலந்து எடுத்துக்கொண்டுவிட்டது என்ற புலம்பல் அந்தப் பக்கத்தில் நெடுநாள் கேட்டது.

தமிழ்நாட்டில் இந்தச் சொல் வெற்றிடத்தில் வந்து விழவில்லை. அதற்கு வெகுகாலம் முன்பே பாரதி ‘பொது உடைமை’ என்று எழுதிவிட்டார். 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாள் கூட்டம் நடத்தினார். 1931இல் பெரியாரின் ‘குடி அரசு’ கம்யூனிஸ்ட் அறிக்கையைத் தமிழில் வெளியிட்டபோது வைத்த தலைப்பு ‘சமதர்ம அறிக்கை’. மறு ஆண்டு பெரியார் சோவியத் நாட்டுக்கும் ஐரோப்பாவுக்கும் போய்வந்து, சிங்காரவேலரோடு சேர்ந்து ஈரோட்டில் சமதர்மத் திட்டம் போட்டார். அந்தத் திட்டத்தின் பக்கம் நின்றவர்களில் ஒருவர் ஜீவா. மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து ஆவடிக்கு மின்சார ரயிலில் போகிறவர்கள் பேசின் பிரிட்ஜை அடுத்து அவர் பெயரைத் தாண்டித்தான் போக வேண்டும்: வியாசர்பாடி ஜீவா.

ஆவடித் தீர்மானத்தைத் தமிழில் சொல்ல வந்தவர்கள் ‘சமதர்ம பாணி சமுதாயம்’ என்றார்கள். பாணி என்ற சொல்லை யார் முதலில் போட்டாரோ, அவர் கெட்டிக்காரர். அரியக்குடி பாணியில் பாடுகிறவரை யாரும் அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் என்று நினைத்துக்கொள்வதில்லை. நடையும் வேகமும் அவருடையவை. குரல் வேறு ஆளுடையது. ஆங்கிலத்தில் வாலாக ஒட்டிக்கொண்டதைத் தமிழ் தனிச் சொல்லாக எடுத்து நடுவில் உட்காரவைத்துவிட்டது.

அந்தச் சொற்றொடரில் இன்னொரு சொல் உண்டு, ‘பேட்டர்ன்’. அம்பத்தூர்ப் பக்கத்து ஃபவுண்டரிகளில் அதற்கு அர்த்தம் கேட்க வேண்டியதே இல்லை. வார்க்க வேண்டிய பொருளின் வடிவத்தில் மரத்தில் செதுக்கிய மாதிரிதான் பேட்டர்ன். அதை மண்ணில் புதைத்து, சுற்றிலும் மண்ணைக் கெட்டியாக அடித்து, மெல்ல வெளியே எடுத்து, அந்தக் குழியில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். மண் உதிராமல் எடுக்க வேண்டும் என்பதற்காகப் பக்கங்களைச் செங்குத்தாக விடாமல் லேசாகச் சரித்துச் செதுக்குவார்கள். இரும்பு குளிர்ந்தால் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும் என்பதால் மாதிரியை அந்த அளவுக்குப் பெரிதாகவே செய்வார்கள். நல்ல பேட்டர்ன் மேக்கர் கையில் வைத்திருக்கும் அளவுகோலிலேயே அந்தச் சுருக்கம் சேர்த்துக் கோடு போட்டிருக்கும். திட்டக் கமிஷனில் அப்படி ஓர் அளவுகோல் இருந்ததாகத் தெரியவில்லை.

தீர்மானத்துக்குப் பின் காரியங்கள் வேகமாக நடந்தன. 1955 ஜூலை 1 அன்று இம்பீரியல் வங்கி ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியா ஆனது. 1956 ஜனவரியில் ஓர் அவசரச் சட்டம் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகளின் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது, செப்டம்பரில் எல்.ஐ.சி. பிறந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் இதற்கு ஒரு சாட்சி நிற்கிறது. 14 மாடி எல்.ஐ.சி. கட்டடத்தைக் கட்டத் தொடங்கியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், தம்முடைய யுனைடெட் இந்தியா காப்பீட்டுக் கம்பெனிக்காக. 1954இல் சிங்கப்பூர் விமான விபத்தில் அவர் இறந்தார். இரண்டு ஆண்டில் கம்பெனி அரசுடைமை ஆனது. 1959இல் கட்டடம் திறந்தபோது அதன் சொந்தக்காரர் அரசு. அஸ்திவாரம் தனியார் போட்டது, பெயர்ப்பலகை அரசு மாட்டியது.

சொல்லும் சும்மா இருக்கவில்லை. 1956இல் வந்த தொழிற்கொள்கைத் தீர்மானத்திலும் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்திலும் பார்த்தால் வாலைக் காணோம். ‘சோஷலிஸ்ட் பேட்டர்ன்’ என்று நறுக்கென்று இருக்கிறது. ஆனால் அந்தத் திட்ட ஆவணமே, இது இறுகிப்போன அச்சு ஒன்றுமில்லை, எந்தச் சித்தாந்தத்திலும் வேர்விட்டதில்லை என்றும் சொல்லிக்கொள்கிறது. வாலை வெட்டி எறிந்துவிட்டு, வால் செய்த வேலையை ஒரு பத்தியாக எழுதிச் சேர்த்தார்கள்.

இதன் பலன் என்ன என்பதைப் புத்தகத்தில் தேடுவதைவிட மேற்குப் புறநகர் ரயில் பாதையில் தேடுவது சுலபம். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு 1955 அக்டோபர் 2 அன்று திறந்துவைத்தார். ஆவடித் தீர்மானத்தின் குழந்தை என்று அதைச் சொல்கிறவர்கள் உண்டு. சுவிட்சர்லாந்துக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது 1949இல் என்பதால் அந்தப் பெருமையைத் தீர்மானத்துக்குத் தர முடியாது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் வந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் கம்பெனி வடிவமைத்த விஜயந்தா டாங்கி 1965 டிசம்பரில் அங்கிருந்து முதல் முறையாக உருண்டு வெளியே வந்தது. இவை அரசின் சொத்து. அதில் ‘இஸ்டிக்’ எதுவும் இல்லை.

ஆனால் அதே ஆவடியில், மாநாடு நடந்த அதே 1955இல், ட்யூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா பிறந்தது. முருகப்பா குழுமம் பிரிட்டிஷ் கம்பெனி ஒன்றோடு கூட்டு வைத்துத் தொடங்கிய எஃகுக் குழாய்த் தொழிற்சாலை. பக்கத்து அம்பத்தூரில் அவர்களுடைய டி.ஐ. சைக்கிள்ஸ் அதற்கு முன்பே ஹெர்குலிஸ் சைக்கிள்களை அனுப்பிக்கொண்டிருந்தது. பாடியில் 1960க்கும் 1962க்கும் இடையே வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா என்று டி.வி.எஸ். குடும்பத்தின் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன, அவையும் வெளிநாட்டுக் கூட்டாளிகளோடு. சோசியஸ் என்ற சொல்லின் பழைய பொருளைக் காப்பாற்றியவர்கள் முதலாளிகள்தான் போலிருக்கிறது.

இரண்டு தரப்புக்கும் நடுவே மூன்றாவது ஒன்று முளைத்தது. அப்போது மாநிலத் தொழில் அமைச்சர் ஆர். வெங்கட்ராமன். 1958இல் கிண்டியில் தொழிற்பேட்டை வந்தது. 1964இல் அம்பத்தூரில் அதைவிடப் பெரியதாக, ஆயிரம் ஏக்கருக்கு மேல். நிலம் எடுத்தது அரசு, சாலையும் மின்சாரமும் போட்டது அரசு. ஷெட்டுக்குள் லேத் ஓட்டியது தனி ஆள். நான்கைந்து பேரை வைத்துக்கொண்டு போல்ட்டும் புஷ்ஷும் கடைந்தவருக்கு, சரக்கு வாங்க ஒரு பக்கம் ஐ.சி.எஃப்.பும் டாங்கித் தொழிற்சாலையும், மறுபக்கம் பாடியின் கம்பெனிகளும். கச்சா இரும்புக்கு மட்டும் கோட்டா, பர்மிட் என்று அலைய வேண்டும். இதைச் சோஷலிசம் என்று எந்த அகராதியும் ஒப்புக்கொள்ளாது. முதலாளித்துவம் என்றும் முழு மனத்தோடு சொல்ல முடியாது. ‘இஸ்டிக்’ விட்டுவைத்த சந்தில் கட்டியதுதான் அம்பத்தூர்.

அந்த பர்மிட் அலைச்சலைப் பிடித்துக்கொண்டவர் ராஜாஜி. 80 வயதில், 1959இல், சுதந்திராக் கட்சி தொடங்கினார். ‘லைசென்ஸ், பர்மிட், கோட்டா ராஜ்’ என்று அவர் வைத்த பெயர் ஆவடியின் பெயரடையைவிட நன்றாக ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் பட்ஜெட் விவாதங்களில் கேட்கிறது. 1967இல் அவர் தி.மு.க.வோடு கூட்டு வைத்துக் காங்கிரஸை மாநிலத்தில் தோற்கடித்தார். சமதர்மம் பேசி வளர்ந்த கட்சியும் சந்தையை நம்பிய கட்சியும் ஒரே மேடையில் நின்றன. சொற்கள் அன்றைக்குக் கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொண்டன.

காங்கிரஸ் 1964 ஜனவரியில் புவனேசுவரத்தில் கூடியபோது தலைவர் காமராஜர். அங்கே ‘ஜனநாயக சோஷலிசம்’ என்றார்கள். 1969 ஜூலையில் 14 வங்கிகள் அரசுடைமை ஆயின. சென்னையில் தலைமையகம் வைத்திருந்த இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அதில் அடக்கம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், 42ஆவது திருத்தம் ‘சோஷலிஸ்ட்’ என்ற சொல்லை அரசியல் சட்டத்தின் முகப்புரையில் ஏற்றியது. கே.டி. ஷா கேட்டது 28 ஆண்டு கழித்துக் கிடைத்தது. அம்பேத்கர் அஞ்சியபடி யார் கையையாவது அது கட்டிப்போட்டதா என்றால், 1991இல் மன்மோகன் சிங் லைசென்ஸ் முறையைக் கலைத்தபோது முகப்புரை குறுக்கே வரவில்லை.

இதைவிட வேடிக்கை 1989இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் சேர்ந்த 29-ஏ பிரிவு. தேர்தல் கமிஷனில் பதிவு செய்ய வரும் எந்தக் கட்சியும் மதச்சார்பின்மை, ஜனநாயகம் இவற்றோடு சோஷலிசத்துக்கும் விசுவாசமாக இருப்பதாகத் தன் விதிகளில் எழுதித் தர வேண்டும். ராஜாஜி அன்று இருந்திருந்தால் சுதந்திராக் கட்சியை எப்படிப் பதிவு செய்திருப்பார் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

முகப்புரையிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிட வேண்டும் என்று வந்த மனுக்களை 2024 நவம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நீதிபதிகள் சொன்ன காரணம் ஆவடிக்காரர்களுக்குப் பழகிய குரலில் இருந்தது. இந்தியச் சூழலில் சோஷலிசம் என்றால் மக்கள் நல அரசு, வாய்ப்பில் சமத்துவம். தனியார் தொழில் நடத்துவதை அது தடுக்காது. 1956இல் காணாமல் போன வாலை நீதிமன்றம் தேடிப் பிடித்துத் திரும்ப ஒட்டிவைத்தது போல இருந்தது அந்தத் தீர்ப்பு.

ஆவடித் தொழிற்சாலையிலோ காட்சி மாறிவிட்டது. 2021 அக்டோபர் 1 அன்று மத்திய அரசு ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு கம்பெனிகளாகப் பிரித்தது. டாங்கித் தொழிற்சாலை ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகாம் லிமிடெட் என்ற கம்பெனிக்குள் போனது. அதன் தலைமையகம் ஆவடியிலேயே இருக்கிறது. பங்குகள் முழுவதும் அரசிடம்தான். ஆனாலும் கம்பெனி கம்பெனிதான் என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. பாதுகாப்புத் துறையில் வேலைநிறுத்தத்தைத் தடுக்க அதே ஆண்டு தனிச் சட்டமே வந்தது. ஊழியர்கள் அரசு ஊழியர்களாகவே தொடர, கம்பெனிக்கு அவர்களை ‘டீம்டு டெபுடேஷன்’ என்ற பெயரில் முதலில் இரண்டு ஆண்டுகளுக்கு அனுப்பினார்கள். கெடு பிறகு நீண்டது. அனுப்பியதாகக் கருதப்படும் நிலை என்று அதற்கு அர்த்தம். ஓய்வூதியம் என்ன ஆகும், பதவி உயர்வு யார் தருவார் என்ற கேள்விகளோடு ஆவடிக் குடியிருப்புகளில் இப்போது ஆராயப்படும் ஆங்கிலப் பெயரடை ‘டீம்டு’.